துண்டோடு நின்றவர்

அந்தப் போட்டி நின்றுபோய் வருஷங்கள் ஆகிவிட்டன. தடைகளைத் தாண்டி ஓடுகிற அந்த டிவி நிகழ்ச்சி நடந்த கொட்டகையில் இப்போது யாரோ டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் கண்ணாடிக்காரருக்குக் கை பரபரக்கும். எங்கேயோ கிளம்ப வேண்டியவர் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டது போல இருக்கும்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஆள் ஒல்லிப்பிச்சான். அவர் மனைவியோ வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் கம்பெனியில் இருந்தவள். ஃபிரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறுவாள், மூச்சு வாங்காது. இவ்வளவு தெம்பை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமா என்று கம்பெனி லாரி டிரைவர் உசுப்பேற்றிவிட, போட்டியில் சேர்ந்தாள். விழுந்தாள்.

சாய்ந்த படிகளைத் தாண்டினாள், உருளும் கட்டையைத் தாண்டினாள். தொங்கும் வளையங்களில் கடைசி வளையத்துக்குக் கை நீட்டியபோது தொபுக்கடீர் என்று தண்ணீரில். அடுத்த வருஷமும் அதே வளையம், அதே தொபுக்கடீர். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. நிகழ்ச்சிக்காரர்கள் அதைத் தொடக்க இசையோடு சேர்த்து வாராவாரம் காட்டிப் புண்ணியம் கட்டிக்கொண்டார்கள். தெருவில் அவளுக்குத் ‘தொபுக்கடீர் அக்கா’ என்றே பேராகிவிட்டது. காய்கறிக் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அவளும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு ரோஷம் வாயில் இல்லை, தோளில் இருந்தது.

வீடே பயிற்சிக்கூடமானது. துணிக்கொடியாக இருந்த இரும்புக் குழாயில் வளையங்கள் தொங்கின. துணி காயப்போட இடமில்லாமல் அவர் ஈரச் சட்டையோடு கடைக்குப் போனதும் உண்டு. அவள் தொங்குவாள், அவர் கீழே நின்று இடுப்பைத் தாங்கிக்கொள்வார். கூரை இடிகிறதா என்று கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டு வருவார்கள். அவள் உள்ளங்கையில் தோல் உரிந்தால் மருந்து வைத்து ஊதிவிடுவார். சண்டை போட்டால்கூட வளையத்தைப் பற்றித்தான் போட்டார்கள். அதைவிட நல்ல காலம் அவருக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

போட்டி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கும். அன்றைக்கு அவருக்கு ஒரே வேலை. குடும்பத்தாருக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பது, அவள் விழுந்ததும் ஓடிப்போய்த் தண்ணீரிலிருந்து ஏறும் படிக்கட்டில் துண்டை விரித்து நிற்பது. கூட்டத்தில் இடிபட்டு அவர் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு தடவையும் அவள் ஏறி வந்து வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருப்பாள். அது அவருக்குப் பொறுக்காது.

நான்காவது வருஷம் அவள் கிளம்பும்போதே சொல்லிவிட்டாள், தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் இத்தோடு சரி என்று. தோளுக்கு ஊசி போட்ட டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார்.

படிகள் முடிந்தன. கட்டையும் முடிந்தது. அவள் முதல் வளையத்தைப் பிடித்தாளோ இல்லையோ, அவர் எழுந்துவிட்டார். இந்தத் தடவையாவது அவளை நடுங்க விடக்கூடாது. துண்டை எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் குனிந்து ஓடி, படிக்கட்டில் போய் நின்றார். அங்கிருந்து வளையங்கள் தெரியாது. துண்டை விரித்துப் பிடித்தபடி அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

சத்தம் வரவில்லை. கூட்டம்தான் கத்தியது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. பக்கத்தில் வயர் சுருட்டிக்கொண்டிருந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரும் விழலையே சார். இங்க ஏன் நிக்கிறீங்க?”

அவர் நிமிர்ந்தார். அந்தப் பக்கத்துப் பலகையின் விளிம்பில் அவள் நின்றிருந்தாள், சொட்டு ஈரமில்லாமல். முகமெல்லாம் சிரிப்பு. குடும்பத்தார் வரிசையில் அவரைத் தேடிக்கொண்டிருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. பிறகு குனிந்து கீழே பார்த்தாள். விரித்த துண்டோடு அவர் நின்றதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

அதற்குப் பிறகு இருந்த சுவரையும் ஏறினாள், உச்சியில் தொங்கிய மணியையும் அடித்தாள். பரிசு வாங்கும் வேகம் இல்லை. ஆனால் முழுசாக முடித்துவிட்டாள். லாரி டிரைவர் அழுதேவிட்டார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் கண்ணாடிக்காரர் மென்று முழுங்கினார். குளிருமே என்றுதான் முன்னாலேயே போனேன் என்றார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொன்னபோது கோபம்கூட இல்லை.

“எல்லாரும் நான் விழுவேன்னுதான் நினைச்சாங்க. அது எனக்குப் பழகிப்போச்சு. நீங்க மட்டும் நாற்காலியில இருப்பீங்கன்னு நினைச்சேன்.”

அடுத்த வருஷம் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். அவள் தாண்டியதை அவர் வீடியோவில் எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறார். அது நேரில் பார்த்ததாகுமா? ஆகாது என்று அவருக்கே தெரியும்.

அவள் எதையும் மனதில் வைத்துக் குமைகிற ரகமில்லை. மறுநாளே அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள். இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைக் கேட்பார்கள். அவர்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அவள் விழுந்த விதத்தைக் கூடத்தில் நடித்தே காட்டுவார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான்காவது வருஷத்து வளையத்துக்கு வந்ததும் அவர் குரல் நின்றுவிடும். அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வருவாள்.

“இதை நான் சொல்றேன்” என்பாள். “அவர் அப்ப கீழ நின்னுட்டிருந்தார்.”