முன்னால் நின்ற பூஜ்யம்

என் அக்கா எதற்கும் தேதி போட்டு வைப்பாள். ஷாம்பு பாட்டில் திறந்த தேதி, சிலிண்டர் மாற்றிய தேதி, சின்ன வயதில் நான் அவள் பேனாவை உடைத்த தேதி. எதையும் மறக்க மாட்டாள், மன்னிக்கவும் மாட்டாள். அவளுக்குக் கிடைத்த வேலையும் தேதி போடும் வேலைதான்.

அவளுடைய கம்பெனி கம்ப்யூட்டர்களை ஓட வைக்கும் ஓ.எஸ். என்ற அடிப்படை மென்பொருளைத் தயாரிக்கிறது. கிளினிக், நூலகம், பள்ளி ஆபீஸ் என்று பல இடங்களில் அது ஓடுகிறது. ஒன்பது, பத்து என்று புதுப் பதிப்பு எதுவும் அதில் வராது. வாரம் மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு எப்படி எண் போடுவது? அக்கா ஒரு வழி வைத்தாள்: வருடம், மாதம், தேதி. அதற்கெல்லாம் முன்னால் ஒரு பூஜ்யம். தன்னிடம் இருக்கும் எண்ணைவிடப் பெரியது வந்தால்தான் கம்ப்யூட்டர் அப்டேட்டை எடுத்துக்கொள்ளும். சின்னது வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது.

"அந்த பூஜ்யம் எதுக்கு?" என்று மேனேஜர் மீட்டிங்கில் கேட்டார்.

"ஒரு பாதுகாப்புக்கு சார்."

"முன்னாடி உக்காந்துக்கிட்டு ஒரு வேலையும் செய்யாது. உன்னை மாதிரியே இருக்கேம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆபீசில் அவள் பெயர் பூஜ்யம். "பூஜ்யம் டீ குடிச்சாச்சா?" என்று கேட்பார்களாம். இரண்டு மாதத்தில் அவளைப் புகார் போன் எடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டு, அவள் நாற்காலியில் மேனேஜர் தன் மச்சானை உட்கார வைத்தார். "தேதி போட காலண்டர் பாக்கத் தெரிஞ்சா போதாதா?" என்றாராம்.

அன்று வீட்டுக்கு வந்து, பீரோ கதவின் உள்பக்கம் பென்சிலால் தேதியை எழுதினாள் அக்கா. அழவில்லை.

"விட்டுத் தள்ளுடி. அவன் வாயை நம்ம மூட முடியுமா?" என்றாள் அம்மா.

"மூட வேண்டாம்மா. தொறந்து சொல்ல வைக்கணும்."

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கிளினிக்கிலிருந்து அவளுக்கு போன் வந்தது. அன்றைய அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் வேலை செய்யவில்லை.

"ஸ்கிரீன்ல என்ன நம்பர் இருக்கு, படிங்க."

"பூஜ்யம், ரெண்டாயிரத்து ஐம்பத்தி ரெண்டு..."

இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள் அக்கா. 2025 என்று அடிக்க வேண்டிய இடத்தில் மச்சான் 2052 என்று அடித்திருந்தார். அவள் பிரிண்டர் புகாரை ஒழுங்காக எழுதி மேலே அனுப்பினாள். எண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிரிண்டர் கோளாறை மதியமே சரிசெய்து, சரியான வருடம் போட்டு அனுப்பினார்கள். ஒரு கம்ப்யூட்டரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவை இருபத்தேழு வருடம் தள்ளி 2052-இல் போய் நின்றுகொண்டு, 'புதிதாக எதுவும் இல்லை' என்றன. மச்சான் அதையே ஆறு முறை அனுப்பிப் பார்த்தார்.

அந்த நாட்களில் அக்கா ஒரு வாய் கூடுதலாகவே சாப்பிட்டாள். மூன்றாம் நாள், அம்மா கிளினிக்கிலிருந்து கையால் எழுதிய மருந்துச் சீட்டோடு வந்தாள். எழுத்து புரியவில்லை என்று மருந்துக்கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"உனக்குத்தான் வழி தெரியுமே, சொல்லித் தொலையேன்கா," என்றேன்.

அக்கா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரா வரட்டும்," என்றாள். அது தப்பு என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது. ஆனால் எனக்கும் அந்த ஆள் மேல் வெறி இருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் மேனேஜரே புகார் அறைக்கு வந்தார். நடந்ததை அக்கா எங்களுக்கு நடித்தே காட்டினாள்.

"ஏதாவது வழி இருக்காம்மா?"

"இருக்கு சார். சும்மா இருங்க, இருபத்தேழு வருஷத்துல தானா சரியாயிடும்."

"விளையாடாதம்மா. மேலிடத்துல என்னைப் பிச்சு எடுக்கறாங்க."

"என் பழைய நாற்காலி எனக்கு வேணும். அப்புறம், அப்டேட்டோட போற குறிப்புல என்ன நடந்துச்சுன்னு உங்க பேர் போட்டு எழுதணும்."

"தொழில்நுட்பக் காரணம்னு போட்டுக்கலாமே?"

"பூஜ்யத்துக்குப் பொய் எழுத வராது சார்."

அவர் எழுதினார். 'சிறு தவறு' என்றிருந்ததில் 'சிறு' என்பதை எடுக்கச் சொன்னாள். கடைசியில் நின்றது இதுதான்: 'வருடத்தைத் தவறாக அடித்தவர் என் மச்சான். வேலை தெரிந்தவளை விலக்கிவிட்டு அவரை அங்கே வைத்தவன் நான்.' கீழே அவர் பெயர்.

பிறகு அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இருந்த பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒன்று என்று அடித்தாள். முதல் எண் பெரிதாகிவிட்டால், பின்னால் எந்த வருடம் இருந்தாலும் கம்ப்யூட்டருக்குக் கவலை இல்லை. பத்தே நிமிடத்தில் ஒவ்வொன்றாக அப்டேட்டை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார். அது சும்மா உக்காந்திருந்ததே இதுக்குத்தான்."

"அப்புறமா அந்த ஒண்ணை எடுத்துடலாம்ல?"

"எண் பின்னால போகாது சார். நீங்க ரிடையரானாலும் இந்தத் தப்புக்கு அடையாளமா அது அங்கேயே நிக்கும்."

இப்போது ஆபீசில் அவருக்குப் பெயர் 'ஒண்ணு'. "ஒண்ணு வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்களாம்.

"போதும்டி, பாவம் அந்த மனுஷன்," என்றாள் அம்மா.

அக்கா பீரோவைத் திறந்து, பழைய தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினாள்.

"அந்த முதல் எண்ணுக்கு ஒன்பது வரைக்கும் இடம் இருக்கும்மா," என்றாள்.