நாலு மாட்டுக்கும் ஒரே அளவு கசகசா

"மாட்டுக்கு மதியச் சாப்பாடு கிராம் கணக்குல. தின்னது எவ்வளவு, மிச்சம் வெச்சது எவ்வளவு, ஏப்பம் விட்டது எவ்வளவு, எல்லாத்துக்கும் கணக்கு. லெயோஷா சாப்பிட்டாளான்னு இந்த இடத்துல ஒரு ஜீவன் கேட்டதுண்டா?"

போலந்தில், போஸ்னான் நகருக்கு வெளியே இருந்த அந்த ஆராய்ச்சித் தொழுவத்தில் இந்தப் புகாரைக் கேட்காமல் ஒரு பொழுதும் விடிந்ததில்லை. ஆய்வு மாணவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். மூக்கிலிருந்து கொஞ்சம், தொண்டையிலிருந்து கொஞ்சம், கடைசியில் 'கேட்டதுண்டா' என்னும்போது வாளியைத் தரையில் ணங்கென்று வைக்கும் சத்தம். மூன்றும் சேர்ந்தால்தான் அசல் லெயோஷா அத்தை. வாளி இல்லாமல் சொன்னால் அது வெறும் நகல்.

முழுப் பெயர் லெயோக்காதியா. தொழுவம் அரசாங்கப் பண்ணையாக இருந்தபோது பால் கறக்க வந்தவர். பிறகு பண்ணை உடைந்தது. டிராக்டர் ஒரு பக்கம் போனது, ஆட்கள் ஒரு பக்கம் போனார்கள். நிலத்தையும் நாலு மாடுகளையும் ஆராய்ச்சிக்காரர்கள் வாங்கினார்கள். "மாடுங்களோட சேத்து என்னையும் வாங்கிட்டாங்க. ரசீதுல என் பேரு மட்டும் விட்டுப்போச்சு" என்பார் அத்தை. ரயில்வேயில் இருந்த கணவர் விண்ட்சென்டி காலமானார். பிள்ளைகள் இல்லை. காலையிலும் மாலையிலும் தீவனத்தை நிறுத்துப் போட்டு, மிச்சத்தை நிறுத்து எடுப்பதுதான் வேலை.

கலினா அங்கே வந்து சேர்ந்தது போத்லாசியாவிலிருந்து. நாட்டின் அந்தக் கோடி. ஆளி விதையைத் தீவனத்தில் சேர்த்தால் மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் எப்படி மாறுகின்றன, ஏப்பத்தில் போகும் வாயு குறைகிறதா என்பது அவளுடைய ஆய்வு. நாலு மாடுகளுக்கும் இடது விலாவில் ஒரு வட்டத் துவாரம், அதற்கு ஒரு ரப்பர் மூடி. மூடியைத் திறந்து முழங்கை வரை கையை விட்டு, உள்ளே வெந்துகொண்டிருப்பதை அள்ளி, துணியில் வடிகட்டி எடுக்க வேண்டும். மாடு பாட்டுக்கு மென்றுகொண்டு நிற்கும். நாற்றம் மட்டும் கலினாவோடு பஸ் ஏறும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஜன்னலோரம் போவார்கள்.

"உனக்கு எப்பவும் சீட்டு கெடைக்குதுல்ல? அதுக்கு பல்பினாவுக்கு நன்றி சொல்லு" என்பார் அத்தை. பல்பினா மூத்த மாடு.

நாலு மாடு, நாலு விதத் தீவனம். சில வாரங்களுக்கு ஒருமுறை தீவனத்தை மாடு விட்டு மாடு மாற்றுவார்கள். இதில் ஒரு மாட்டின் கணக்கு கெட்டாலும் நாற்காலிக்கு ஒரு கால் போன மாதிரிதான். கலினாவின் உதவித்தொகை அந்தக் குளிர்காலத்தோடு தீர்ந்தது. ஆய்வு கெட்டால் மறுபடி ஆரம்பிக்க வழியில்லை. ஊருக்குத் திரும்பி அக்காவின் துணிக்கடையில் முழம் போட வேண்டியதுதான். அதனால் பேராசிரியர் போகுமில் சொன்ன ஒரே விதியை அவள் வேதமாகப் பிடித்திருந்தாள். தொண்டையைச் செருமாமல் வணக்கம்கூடச் சொல்லாத மனிதர் அவர். "ஹ்ரும். தராசுல ஏறாத எதுவும் மாட்டு வாயில ஏறக்கூடாது. ஹ்ரும்."

அந்தச் சுற்றின் மாதிரி எடுக்கும் நாள், பார்த்துப் பார்த்து, கிறிஸ்துமஸ் காலையில் வந்து விழுந்தது. ஊருக்குப் போனால் திரும்பிவர ரயில் கிடையாது.

"போகலயா நீ?" என்று அத்தை கேட்டார்.

"காலையில மாதிரி எடுக்கணும் அத்தை."

"ராத்திரி என்ன சாப்பிடுவ?"

"ரொட்டி இருக்கு."

"ரொட்டி இருக்காம்! முதல் நட்சத்திரம் வந்ததும் எங்க வீட்டுக்கு வந்துடு. தட்டு ஏற்கெனவே வெச்சாச்சு."

தட்டு வைத்திருந்தது உண்மை. எதிர்பாராத விருந்தாளிக்கு என்று கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு எல்லா வீட்டு மேசையிலும் ஒரு தட்டு அதிகம் இருக்கும். அத்தை வீட்டு மேசையில் மொத்தமே இரண்டு தட்டுதான். ஒன்று அவருக்கு. மற்றது, விண்ட்சென்டி போனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் சுத்தமாக வைக்கப்பட்டு, சுத்தமாகவே திரும்பி அலமாரிக்குப் போன தட்டு.

கலினா அதன் முன்னால் உட்கார்ந்தாள். அந்த இரவுக்கென்றே சுடுகிற, காகிதம் போல மெல்லிய வெள்ளை அப்பத்தை உடைத்து ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்திக்கொண்டார்கள். பீட்ரூட் சூப் வந்தது, கெண்டை மீன் வறுவல் வந்தது, பாலிலும் தேனிலும் அந்த ஊர்க் கறுப்புக் கசகசா போட்டு ஊறவைத்த ரொட்டி வந்தது. அத்தை அடுப்புக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"அத்தை, நீங்க சாப்பிடவே இல்லியே?"

அத்தை கரண்டியோடு அப்படியே நின்றார். வாளியும் இல்லை, ணங்கும் இல்லை.

"என்ன கேட்ட?"

"நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். உக்காருங்க. ஆறிப்போகுது."

அத்தை உட்கார்ந்தார். அவர் அத்தனை நேரம் பேசாமல் சாப்பிட்டதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கலினாவுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது, மீன் முள் எதுவும் சிக்கிக்கொண்டதோ என்று.

கிளம்பும்போது அத்தை ஒரு பாத்திரத்தில் மீதிக் கசகசா ரொட்டியைப் போட்டு, மேலே ரோஸ் நிற அப்பங்களை வைத்தார். மனிதருக்கு வெள்ளை, கால்நடைக்கு ரோஸ். "தொழுவத்தை ஒரு எட்டுப் பாத்துட்டு வரேன்." கலினாவும் சிறு வயதிலிருந்து அவள் வீட்டில் இதே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாட்டிடம் ஓடியவள்தான். அதனாலேயே அது தீவனம் என்று அவளுக்கு உறைக்கவில்லை. "என் சார்பா பல்பினாவுக்கு ஒரு முத்தம் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

காலையில் பல்பினாவின் மூடியைத் திறந்து, அள்ளி, துணியில் ஊற்றிப் பிழிந்தாள். பச்சைச் சக்கைக்கு நடுவில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். விரலால் தொட்டுப் பார்த்தாள். கசகசா.

நாற்காலியின் கால் போச்சு. அக்காவின் கடையும் முழக்கோலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அந்த நேரம் பார்த்து அத்தை தீவன வாளியோடு உள்ளே வந்தார்.

"அத்தை! எந்த மாட்டுக்குக் குடுத்தீங்க?"

"என்னடி கேள்வி இது? எல்லாத்துக்கும்தான்."

"நாலுக்குமா?"

"பின்னே? நேத்து ராத்திரி மாடுங்களுக்கெல்லாம் பேச்சு வர்ற ராத்திரி. உங்க ஊர்ல வராதா? ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணை விட்டேன்னு வை, மால்வினா என்ன சொல்லுவா தெரியுமா?" அத்தை கழுத்தை நீட்டி, கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி, மூக்காலேயே ஆரம்பித்தார். "'பாத்தியா பல்பினா, கெழவிக்கு உன்மேலதான் பாசம். தேன் தடவி ஊட்டுறா. நானும்தான் இத்தனை வருஷமா பால் குடுக்குறேன், எனக்கு வெறும் வைக்கோல்.' வருஷம் பூரா அந்தப் பேச்சை யாருடி கேக்குறது?"

"எவ்வளவு குடுத்தீங்க?"

"நாலுக்கும் ஒரே அளவு. தராசுல வெச்சுத்தான் போட்டேன். தராசுல ஏறாதது வாயில ஏறக்கூடாதுன்னு உங்க ஹ்ரும் சொல்லியிருக்காரே."

கலினாவுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. மற்ற மூன்றையும் பிழிந்து பார்த்தாள். மூன்று துணியிலும் கசகசா. ஓடிப்போய் ஆபீஸ் போனிலிருந்து பேராசிரியரை அழைத்தாள்.

"ஹ்ரும். கலினா, இன்னைக்குக் கிறிஸ்துமஸ்." வாய் நிறைய மீன்.

எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது.

"நாலுக்குமா?"

"நாலுக்கும் சார்."

"ஒரே நேரம், ஒரே அளவு?"

"தராசுல வெச்சாங்களாம் சார்."

"ஹ்ரும். அப்படின்னா இந்தச் சுற்றுல ஏறுனா நாலும் சேந்து ஏறும், எறங்குனா நாலும் சேந்து எறங்கும். தீவனத்துக்குத் தீவனம் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். மறைக்காம எழுது. கொஞ்ச நாள் பொறுத்து இன்னொரு தடவை மாதிரி எடு, ஒப்பிட்டுப் பாப்போம். ஒண்ணுக்கு மட்டும் குடுத்திருந்தா நீ இன்னைக்கே பெட்டி கட்டியிருக்கணும்." மெல்லும் சத்தம் மறுபடி கேட்டது. "அப்பம் ரோஸ்தானே?"

"ரோஸ்தான் சார்."

"நல்லவேளை. வெள்ளையக் குடுத்துட்டாங்களோன்னு பாத்தேன்." போன் வைக்கப்பட்டது.

கலினா திரும்பி வந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். முழங்கை வரை வழிந்துகொண்டிருந்த கையோடு.

"ஐயோ, கோயிலுக்குப் போடுற சட்டைடி! இனிமே பூசையில எனக்கும் தனியா ஒரு பெஞ்சு குடுத்துடுவாங்க."

இரண்டாவது மாதிரியிலும் கணக்கு பிசகவில்லை. ஆய்வேட்டில் அந்தச் சமாச்சாரம் ஒரு வரியாக ஏறியது: கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை எல்லா மாடுகளுக்கும் சம அளவில் கசகசா ரொட்டியும் அப்பமும் வழங்கப்பட்டன. அதைப் படித்த தேர்வாளர்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் மாடு இருந்த காலம் உண்டு. நன்றிப் பக்கத்தில் கலினா முதலில் போட்ட பெயர் லெயோக்காதியா. அளந்து போட்டதற்காகத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் நினைத்தது அந்த இரண்டாவது தட்டை.

பட்டம் வாங்கிய கலினா அதே தொழுவத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தை, "அத்தை, சாப்பிட்டீங்களா?" அத்தை "ஆச்சு" என்பார். உடனே திரும்பி, புதிதாக வந்த மாணவனிடம், "லெயோஷா சாப்பிட்டாளான்னு இந்த இடத்துல ஒரு ஜீவன் கேட்டதுண்டா?" ணங்!

"இப்பத்தானே கேட்டேன்?"

"நீ கேட்டது வேற. அது வீட்டுக் கணக்கு."

ஒவ்வொரு வருஷமும் ஊருக்குப் போகும் ரயிலை ஒருநாள் தள்ளி வைத்துக்கொண்டு, கலினா அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். தட்டு அதற்குப் பிறகு சுத்தமாக அலமாரிக்குத் திரும்பவே இல்லை.

பிறகு ஒரு வருஷம் அத்தைக்குச் சர்க்கரை முற்றி, நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே நோயாளிகளின் சாப்பாட்டை நிறுத்துக் கொடுத்து, மிச்சத்தையும் நிறுத்து எழுதிக்கொண்டு போவது வழக்கம். கலினா அதைப் பார்த்துவிட்டு, "இப்ப திருப்திதானே அத்தை? உங்க மதியச் சாப்பாடும் கிராம் கணக்குக்கு வந்தாச்சு" என்று சீண்டினாள்.

மறுநாள் அவள் இரண்டு கிண்ணங்களோடு போனாள். அத்தை ராத்திரியே போய்ச் சேர்ந்திருந்தார்; கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாள் ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, இன்னொன்றைக் கலினாவின் கையில் கொடுத்து, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். எதற்கு இரண்டு கிண்ணம் என்றால், முந்தின நாள் கலினாவின் சீண்டலுக்கு அத்தை சொன்ன பதில் அப்படி:

"அளக்குறாங்கடி, நல்லாவே அளக்குறாங்க. காலையில ஒருத்தி தராசோட வர்றா, சாயங்காலம் ஒருத்தி மிச்சத்தை நிறுக்க வர்றா. பல்பினா இத்தனை வருஷமா என்னைப் பத்தி மனசுக்குள்ள என்ன நெனைச்சிருப்பான்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. அதனால சொல்றேன், நாளைக்கு வரும்போது யார் கண்ணுலயும் படாம ஒரு கிண்ணம் கசகசா ரொட்டி கொண்டா. பக்கத்துக் கட்டில்காரிக்கும் அதே அளவு இன்னொரு கிண்ணம் கொண்டா, இல்லன்னா ராத்திரி வாய் தொறந்து என்னைப் பத்திப் பேசுவா!"