துரை பங்களா குடிபோன வீடு

போன வாரம் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கல்யாணம் நடந்த ஓட்டல் வாசலில் சும்மா அழகுக்கென்று ஒரு பழைய தேக்குக் கதவை நிறுத்தி, கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். தொட்டேன். எண்ணெய் ஊறின பழமரத்துக்கு ஒரு வாசனை உண்டு, முகர்ந்தும் பார்த்தேன். "பெரியவரே, கைய எடுங்க" என்று செக்யூரிட்டி ஓடிவந்தார். கையை எடுத்துவிட்டேன். எல்லப்பன் நினைப்பைத்தான் எடுக்க முடியவில்லை.

அறுபதுகளின் கடைசி. ஆரணி ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன டவுன் பஞ்சாயத்தில் எனக்கு முதல் வேலை, கிளார்க். ஊர்ப் பெயர் வேண்டாம், அன்றைய பெரிய மனிதர்களின் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். மாதாமாதம் கூட்டம் நடக்கும். நடந்ததை நான் மினிட் புத்தகத்தில் எழுதவேண்டும், அடுத்த கூட்டத்தில் அதை வாசித்த பிறகு தலைவர் கையெழுத்துப் போடவேண்டும். நான் எழுந்து தொண்டையைக் கனைத்ததுமே எல்லோரும், "படிச்சதா வெச்சிக்கலாம்!" என்று கத்துவார்கள். போண்டா ஆறிவிடுமே! தலைவர் கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போடுவார்.

ஊரில் திருட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல சப் இன்ஸ்பெக்டரும் வருவார். "போன மாசத்துக்கு இந்த மாசம் கோழித் திருட்டு நல்லா கொறஞ்சிருக்கு" என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னார். "ஊர்ல கோழி இருந்தாத்தான சார்?" என்றார் ஒரு மெம்பர். அதையும் எழுதிவைத்தேன். எழுதாதே என்று யாரும் சொல்லவில்லை.

ஊர்க்கோடியில் துரை பங்களா என்று ஒன்று, வெள்ளைக்கார அதிகாரி யாரோ கட்டினது, பஞ்சாயத்துப் பொறுப்பில் பூட்டியே கிடந்தது. அதற்குக் காவல் எல்லப்பன். ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. ஊரின் மறுகோடியில் அவர் குடிசை, மனைவி தாயாரம்மா. புதுசாக வந்த எனக்குக் காலை நாஷ்டா அங்கேதான், காசு நீட்டினால் அந்த அம்மாவுக்குக் கோபம் வரும். ஒருநாள் பங்களாவின் பித்தளைக் கைப்பிடி ஒன்று காணாமல் போயிற்று. தலைவர் எல்லப்பனைக் கூட்டத்துக்கு வரவழைத்து எகிறினார்: "பழங்காலத்துக் கட்டடம்யா அது! இனிமே ஒரு ஆணி போச்சுன்னாலும் உன் வேலை போச்சு!"

எல்லப்பன் ஆடிப்போய்விட்டார். ஜன்னல், கதவு, ஓடு, கலர் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைவண்டியில் ஏற்றி, பட்டப்பகலில் கடைத்தெரு வழியாகத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். சும்மா கிடந்தால் மழையில் கெட்டுவிடும் என்று குடிசையிலேயே பொருத்தவும் ஆரம்பித்தார். கதவு கூரையைவிட உயரம், ஆகவே கூரையை ஏற்றினார். கூரை ஏறியதும் தூண் வேண்டியிருந்தது. தூண்தான் பங்களாவில் இருந்ததே!

"இன்னா எல்லப்பா, ஊடு கட்றியா?" என்று கேட்டேன்.

"நீ வேற பேஜாரு பண்ணாத சார். எல்லாத்தையும் பத்ரமா வெச்சிக்கினு கீறேன். ஒரு ஆணி கொறையல."

அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் சப் இன்ஸ்பெக்டர் பங்களாவைப் பார்க்கப் போனார். நாலு சுவர்தான் நின்றது. திருடனைப் பிடிக்க அவருக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. குடிசைக்கு எட்டடித் தேக்குக் கதவு ஊரில் வேறு யாருக்கு இருந்தது? நாளைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு எல்லப்பனை உள்ளே தள்ளப்போவதாகச் சொன்னார். தாயாரம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "அவுரு திருடல நைனா. நீதான எழுதறவரு. எதுனா எழுது நைனா."

போன கூட்டத்து மினிட்டின் அடியில் அரைப் பக்கம் காலியாக இருந்தது. எழுதினேன்: "பங்களாவின் சாமான்களைக் காவலர் எல்லப்பன் தமது வீட்டில் பொருத்திப் பாதுகாக்க வேண்டியது எனத் தீர்மானிக்கப்பட்டது." என் சர்வீசில் செய்த ஒரே ஃபோர்ஜரி.

மறுநாள், "படிச்சதா வெச்சிக்கலாம்!" கையெழுத்து விழுந்தது. சப் இன்ஸ்பெக்டர் எழுந்து கதவுத் திருட்டைச் சொல்லி முடித்ததும், புத்தகத்தைத் தலைவர் முன்னால் வைத்தேன். அப்போதுதான் அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டார். தீர்மானத்தைப் பார்த்தார், கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை. படிக்காமல் போட்டுவிட்டேன் என்று எந்தத் தலைவர் சொல்வார்?

"ஆமா, நான்தான் சொன்னேன். இப்போ இன்னான்ற?"

அத்தனை திருட்டும் ஒரே நிமிஷத்தில் இல்லை என்று ஆயிற்று. ஊரில் குற்றம் இவ்வளவு வேகமாகக் குறைந்ததே இல்லை என்று மெம்பர்கள் கைதட்டினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். தலைவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்போ பங்களா எங்க கீது? எல்லப்பன் ஊட்ல! அதான்யா பழங்காலக் கட்டடம்!" தீர்மானங்கள் சரசரவென்று வந்தன. மொட்டைச் சுவர்களை இடித்துவிடுவது. எல்லப்பன் வேலையை நிரந்தரமாக்குவது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது என்பதால் அவர் பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்வது. அந்த நோட்டீசை டைப் அடித்தவன் நானேதான்.

"வேல பர்மனென்ட் ஆயிடுச்சே சார், அது போதும்" என்று எல்லப்பன் கைநாட்டு வைத்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கீற்றுச் சாய்ப்பு ஒன்று போட்டுக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு, ஸ்டூல் போட்டு, தன் வீட்டுக்கே காவல் இருந்தார் மனுஷன்.

ஒரு மழை நாளில் அந்தப் பக்கம் போனேன். தலைக்கு மேல் முறத்தைப் பிடித்துக்கொண்டு தாயாரம்மா கெஞ்சிக்கொண்டிருந்தார்: "அம்மிய மட்டும் எடுத்துக்கினு வந்துடறேன்யா. கதவத் தொற." என்னைக் கண்டதும் எல்லப்பன் விறைப்பாக எழுந்து நின்றார். "பர்மிசன் இல்லாம யாரையும் உட மாட்டேன் சார்" என்றார் என்னிடம். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். திறந்துவிடு என்று சொல்லாமல் குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்துவிட்டேன். அப்போது எனக்கும் தற்காலிக வேலைதான்.

பக்கத்துக் கும்மிடிப்பூண்டிக்கு ஃபாக்டரிகள் வந்தபோது லாரி போக ரோட்டை அகலப்படுத்தினார்கள். அந்த வீடும் போயிற்று, சாய்ப்பும் போயிற்று, பிறகு எல்லப்பனும் தாயாரம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். நான் மட்டும் பர்மனென்ட் ஆகி, ரிடையராகி, பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஓர் அம்மிக்கல்லை எடுத்துக் கொடுக்க எனக்குத் துப்பில்லாமல் போயிற்று.