பாரிசிலிருந்து வந்த அடிக்குரல்

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில், மாதா கோயிலுக்குள்ளே ஆறு நிமிடம் சைக்கிள் ஓடினேன்.

ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பீடத்துக்குப் பக்கத்து அறை வாசலில் ஸ்டாண்டில் ஏற்றிய சைக்கிள். பின் சில்லில் டைனமோ. டைனமோவில் இருந்து வயர். வயரின் மற்ற நுனியில் ஒரு பழைய கசற் பிளேயர். சாமான்களுக்குத் தடை வந்தபிறகு பற்றறியைக் கண்ணால் கண்டு எவ்வளவு காலம்? இப்போதெல்லாம் ஒருத்தர் மிதித்தால்தான் மற்றவர் பாட்டுக் கேட்கலாம் – உங்களுக்குத் தெரியாததா!

பிள்ளையாரைக் கும்பிடுகிற எனக்குப் பூசையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மெற்றில்டா ரீச்சர் கேட்டால் நீங்களும் மிதித்திருப்பீர்கள்.

ரீச்சர் ஊர்காவற்றுறைப் பக்கத்தவர். பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவர். சண்டையால் அந்தத் தீவை விட்டு எல்லோரும் இந்தப் பக்கம் வந்தபிறகு, இந்தக் கோயில் வளவில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த கொட்டில். நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகுதான். ஆகவே அவர் புதுப் பாட்டுக் கட்டும்போது முதலில் அதைக் கேட்கிற காது என்னுடையது.

எப்படிக் கட்டுவார் தெரியுமா? முதலில் மேல்குரலை முணுமுணுப்பார். பிறகு அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே ஒன்று. கடைசியாக அடிக்குரல். ஒரு வாய், நாலு குரல்! நாலையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே பாடமுடியும்? சேர்த்துக் கேட்பதெல்லாம் அவருடைய தலைக்குள்ளேதான்.

வள்ளத்தில் வரும்போது சீலை இரண்டைத்தான் கொண்டுவந்தாராம். மிச்சமெல்லாம் பாட்டுக் கொப்பிகள். இருபது வருடத்துப் பாட்டுகள்… ஒன்றும் அச்சில் வந்ததில்லை. ஒருநாள் விரித்துக் காட்டினார். தோ, ரே, மி என்று எழுத்தெழுத்தாக நாலு வரி. வரித் தொடக்கத்தில் குரலின் பெயர் இல்லை, ஆளின் பெயர் இருந்தது. திரேசம்மா, செல்லம், பேதுரு, சூசை.

"உதென்ன ரீச்சர், ஆக்களின்ரை பேர்?"

"பின்னை? ஆக்கள்தானே தம்பி பாடுகினம்."

அந்தக் கடைசி வரியில் இருக்கிற சூசை, அவருடைய கணவர். சூசைதாசன் அண்ணை. கடல் தொழில் செய்தவர். அவருக்கு மட்டும் எட்டுகிற ஒரு கீழ் சுரம் இருந்ததாம். அந்தச் சுரத்தை நம்பி, ஊர்க் கோயில் திருநாளுக்கென்று ஒரு பாட்டுக் கட்டினார் ரீச்சர். 'எல்லாரும் வந்து சேரும்வரை விளக்கை அணையாதே, தாயே' – இது கடைசி அடி. அதில் 'தாயே' என்ற இடத்தில் மற்ற மூன்று குரலும் மேலே நிற்க, சூசை அண்ணை தனியாகக் கீழே இறங்கவேண்டும்.

ஊரில் அப்போதே ஊரடங்கு, கெடுபிடி. எல்லோரையும் ஓரிடத்தில் சேர்க்க முடியாமல், ரீச்சர் வீடு வீடாய்ப் போய் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பழக்கினார். திருநாளுக்கு ஒரு கிழமை இருக்க, சூசை அண்ணையைப் பாரிசுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏஜென்சிக்காரன் நாள் குறித்தால் மாதா திருநாள் என்று பார்ப்பானா?

எட்டு வருடம். அவர் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில். பாட்டு இங்கே கொப்பிக்குள்ளே. கட்டினவரே ஒரு தடவைகூட முழுதாகக் கேட்காத பாட்டு!

"வேறை ஆரையும் விட்டு அந்தக் குரலைப் பாடலாமே, ரீச்சர்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"பாடலாம். அப்ப அது வேறை பாட்டு."

போன வருடம் ஒருநாள், நீல எயார் மெயில் தாளில் சூசை அண்ணையின் வரியை மட்டும் சுரம் சுரமாக எழுதி அனுப்பினார். 'இதைப் பாடிக் கசற்றிலை அனுப்புங்கோ.' வேறு ஒரு வரி இல்லை. அந்தக் கடிதத்தை வழியில் யார் யார் பிரித்துப் பார்த்து, என்ன ரகசியம் என்று மண்டையை உடைத்தார்களோ! பத்து மாதத்துக்குப் பிறகு, கொழும்பிலிருந்து வந்த ஒருத்தர் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்துக் கசற்றைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அன்று பின்னேரம் முதல் பழக்கம். நான் மிதிக்கிறேன். பாடகர் குழு சுற்றி நிற்கிறது. இப்போதைய குழுவில் பழைய ஆட்கள் பாதிதான். மேல்குரல் திரேசம்மா அக்கா மட்டும் அன்றைக்கும் அவரே, இன்றைக்கும் அவரே. குரலும் கூர், வாயும் கூர்.

ஆசையில் நான் கொஞ்சம் உழக்கி மிதித்துவிட்டேன்.

"ஐயோ தம்பி! நீர் மிதிக்கிற மிதியிலை மனிசன் பொம்பிளையாப் போட்டார்!" என்றார் திரேசம்மா அக்கா.

மெதுவாக மிதித்தேன்.

"இப்ப மாடு கத்துது!"

ஓட்டத்துக்குத் தக்கபடி குரல் ஏறுகிறது, இறங்குகிறது. ரீச்சர் சுருதி விஷயத்தில் பொல்லாதவர். தட்டினால் சுருதி தருகிற ஒரு சின்ன இரும்புக் கவை கையில் வைத்திருப்பார். முழங்காலில் தட்டிக் காதில் வைப்பார். அரைச் சுரம் இறங்கினாலும் பாட்டை நிற்பாட்டிவிடுவார். அன்றைக்குக் கவையைத் தட்டுவதும் எனக்குக் கை காட்டுவதுமாக நின்றார். "ஏத்தும்… போதும்… இறக்கும்… இல்லைத் தம்பி, ஏத்தும்!" எனக்கு வேர்த்து ஊற்றுகிறது. என் காலுக்குச் சுருதி தெரியுமா?

ஒரு மணித்தியாலம் போனது. ரீச்சர் கவையைக் கைப்பைக்குள் போட்டார்.

"விடுங்கோ. அவர் எந்தச் சுருதியிலை வாறாரோ, அந்தச் சுருதிக்கு நாங்கள் போவம்."

"அதென்ன ஞாயம் ரீச்சர்?" என்றார் திரேசம்மா அக்கா. "ஒருத்தருக்காக இருவது பேர் இறங்கிறதோ?"

"அவருக்கு வர ஏலாது, திரேசம்மா. எங்களுக்குப் போக ஏலும்."

திரேசம்மா அக்கா தன் வரியை ஒரு சுரம் கீழே முணுமுணுத்துப் பார்த்தார்.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அடிக்குரலுக்கு இடையிடையே ஓய்வு உண்டு. மற்றவர்கள் பாட, அவர் நாலு தட்டு, எட்டுத் தட்டு என்று பேசாமல் நிற்கவேண்டும். ஊரிலே அந்த நேரங்களில் ரீச்சர் வாங்குப் பலகையில் தட்டிக் காட்டுவாராம். பாரிசில் யார் தட்டுவது? மனிதர் வாய்விட்டே எண்ணியிருக்கிறார்! "ஒண்டு… ரண்டு… மூண்டு… நாலு…" பிறகு பாட்டு. பிறகும் "ஒண்டு… ரண்டு…"

போதாததற்கு, ஆறு பேர் இருக்கிற அறை. வேலையால் வந்தவர்கள் பகலில் நித்திரை. இவர் குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு பாடியிருக்கிறார். கடைசி எண்ணிக்கையின் நடுவில் கதவில் தட்டுகிற சத்தம். ஒரு பெடியனின் குரல். "சூசையண்ணை! குளிச்சு முடிஞ்சுதோ?"

குழு சிரித்த சிரிப்பில் நான் மிதிப்பதையே விட்டுவிட்டேன். ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பூசை வைக்கிற சுவாமி கூப்பிட்டு விசாரித்தார். "பாட்டு சரி. உந்தக் குளிக்கிற கதை பூசைக்குள்ளை வேண்டாம்." ஆகவே எனக்கு இரண்டு வேலை. கால் மிதிக்கவேண்டும். ஓய்வு வரும்போது கை சத்தத்தைக் குறைக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயிலின் திருநாள். ஊருக்குப் போக முடியாது, திருநாளை விடவும் முடியாது. இரவல் கோயிலில் தீவாரெல்லாம் வந்து நிறைந்துவிட்டார்கள். நற்கருணை முடிந்து பாட்டு ஆரம்பமானது. நான் மிதிக்கிறேன். மூன்று குரல் சேர, அடியில் நாலாவதும் வந்து நின்றது. நான் சங்கீதம் படிக்காதவன். ஆனால் அதுவரை ஆடிக்கொண்டிருந்த கதிரைக்கு யாரோ நாலாவது கால் வைத்த மாதிரி இருந்தது.

முதல் ஓய்வு. கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தேன். ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வலது கை தாளம் காட்டிக்கொண்டே இருக்க, இடது கையால் சொன்னார் – கூட்டும்.

சுவாமியைப் பார்த்தேன். ரீச்சரைப் பார்த்தேன். கூட்டினேன்.

"…மூண்டு… நாலு…"

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. இரண்டொரு பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது ஓய்வில் யாரும் சிரிக்கவில்லை. கடைசி ஓய்வு எட்டுத் தட்டு. "ஒண்டு… ரண்டு…" என்று அவர் எண்ண, முன் வாங்கில் இருந்தவர்களின் வாயும் அசைவதைக் கண்டேன். யாருடைய வீட்டில் ஒருவர் தூரத்தில் இல்லை? கனடா, ஜேர்மனி, சுவிஸ், கொழும்பு லொட்ஜ்… எல்லோரும் எங்கேயோ ஓர் அறையில் எதையோ எண்ணிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அந்தப் பெடியன் கதவைத் தட்டி, "குளிச்சு முடிஞ்சுதோ?" என்றான். கோயில் முழுக்கச் சிரித்தது. சுவாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தவர்களையும் கண்டேன்.

"ஏழு… எட்டு…"

'தாயே' என்று சூசை அண்ணை கீழே இறங்கினார். மேலே திரேசம்மா அக்கா மூச்சு விடாமல் பிடித்து நின்றார். எனக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஆனால் ஓட்டத்தை விடவில்லை.

பூசை முடிந்து சனம் கலைந்தது. ரீச்சர் கொப்பியை மூடாமல் வாங்கில் இருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன்.

"எப்படி ரீச்சர்? எட்டு வருசத்துப் பாட்டு! முழுசாக் கேட்டாச்சே!"

தலையை ஆட்டினார். 'ஓம், கேட்டாச்சு' என்ற ஆட்டல் இல்லை.

"இல்லைத் தம்பி. மற்ற மூண்டு குரலும் என்ரை காதிலை விழேல்லை. நான் அவரை மட்டும்தான் கேட்டனான்."

பிறகு சைக்கிள் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"இன்னொருக்கா மிதிப்பீரோ?"

ஓம் என்று சொல்லிவிட்டேன். கெண்டைக்காலைக் கேட்கவில்லை.