நைனா என்று தொடங்கிய ஜெபம்

புதன்கிழமை மதியங்களில் எங்கள் சபையில் பெண்களுக்கு ஞானஸ்நான வகுப்பு எடுக்கிறேன். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்மேட்டில் எங்கள் ஊர். என் கணவர் கடலுக்குப் போகிறவர்.

போன வருடம் வகுப்பில் ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பாள். பாடத்தைக் கூர்ந்து கேட்பாள். "பகையாளிக்கும் சோறு போடணும்னா, எங்க எடத்துல வந்து வல போட்டவனுக்குமாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். ஆமாம் என்றேன். "கஷ்டந்தான்" என்றாள்.

முடிவில் ஒவ்வொருவராக ஜெபிக்கும்போது மட்டும், அவள் முறை வந்தால் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிடுவாள்.

"உங்கள மாதிரிலாம் எனக்குப் பேச வராதுக்கா. 'கிருபையுள்ள பிதாவே'னு ஆரம்பிச்சா அடுத்து இன்னா வரணும்னே தெரியல. நாள் முழுக்க எறால் போடுற ஓலப் பறிய வாய்ல கவ்வினு கீறேன். வாயத் தொறந்தா புடிச்சதெல்லாம் பூடும்."

எல்லோரும் சிரித்தோம். சில வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். அவள் நாக்கில் அவை ஒட்டவில்லை.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, காற்று எழும்பியதும் கடலுக்குப் போன படகுகள் எல்லாம் கரை திரும்பின. என் கணவரின் படகு மட்டும் வரவில்லை. போனும் கிடைக்கவில்லை. தேடிப் படகுகள் புறப்பட்டன. வகுப்புக்கு வந்த பெண்கள் கரைக்கே வந்து என்னைச் சுற்றி நின்றார்கள்.

"ஜெபம் பண்ணுங்கக்கா" என்றாள் ஒருத்தி. வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் தடையில்லாமல் வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அந்த இறால் பிடிக்கிறவள் என் கையைப் பிடித்தாள். கண்ணைக்கூட மூடாமல், தன் அப்பாவைக் கூப்பிடுவது போலச் சத்தமாகச் சொன்னாள்:

"நைனா, அண்ணன் போட்டு இன்னும் வர்ல. அக்காவுக்குப் பேச்சே வர்ல, பாரு. அவங்க எங்க கீறாங்கனு எங்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். பத்திரமா இட்டாந்து உட்டுடு. அதுவரிக்கும் நீயும் எங்ககூட நில்லு. அவ்ளோதான். ஆமென்."

எல்லோரும் ஆமென் என்றோம். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பயம் போய்விடவில்லை. ஆனால் நின்றுகொண்டிருக்க முடிந்தது.

பொழுது சாய்வதற்குள், தேடிப்போன படகு ஒன்று என் கணவரின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. எஞ்சின் நின்றுபோனதால் காற்று தெற்கே அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கணவர் இறங்கியதும், "இன்னா, ஊரே வந்து நிக்குது?" என்றார்.

அடுத்த வாரம் வகுப்பில், அதுவரை வாய் திறக்காதவர்களும் ஜெபித்தார்கள். ஒருத்தி மருமகளோடு போட்ட சண்டையை, வசவுகளை மட்டும் விட்டுவிட்டு, அப்படியே ஆண்டவரிடம் ஒப்பித்தாள். நான் பழைய மாதிரிதான் தொடங்குகிறேன், எனக்கு அது பிடிக்கும். நடுவில் என் பேச்சும் கலந்துவிடுகிறது.

தை மாதம், கரையில் நைனா என்று ஜெபித்தவள் ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தாள். சேற்றில் போதகருக்குக் கால் தடுமாறியபோது அவள்தான் தாங்கிப் பிடித்தாள். இப்போது ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் அவள் பிள்ளைகளோடு பேசுவதை ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

"ஆண்டவர்கிட்ட இன்னா சொல்லப் போற?"

"பசிக்குது" என்றது ஒரு குழந்தை.

"சரி, அதயே சொல்லு. கண்ணு மூடினு சொல்லு."