காப்பி உருளையின் அச்சுக்கம்பி

எங்கள் வீட்டில் சுற்றுகிற பொருள் எதுவானாலும் அது தறிக்குத்தான் சொந்தம் என்று ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆரணியில் பட்டு நெய்கிற வீடுகளில் பாதிக்குமேல் இதே சட்டம்தான். தறியில் ஒரு கயிறு அறுந்தால் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துக் கட்டுவோம்; ஈரத்துணி தரையில் கிடக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் நான் என் மனைவியின் காப்பி உருளையைக் கெடுத்தேன்.

அது அவள் வேலூரிலிருந்து கலியாணச் சீரோடு கொண்டுவந்தது. சின்னப் பானை அளவுக்கு ஓர் இரும்பு உருளை, நடுவில் ஓர் அச்சுக்கம்பி, கம்பியின் நுனியில் மரப்பிடி. இரண்டு காலில் உட்காரவைத்து, அடியில் கரியடுப்பைத் தள்ளி, பிடியைச் சுற்றினால் உள்ளே காப்பிக்கொட்டை வறுபடும். மூடி போட்ட உருளை என்பதால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. எப்போது இறக்குவது என்று மூக்குதான் சொல்ல வேண்டும்.

அமாவாசையன்று தறிக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் அவள் வறுப்பாள். மற்ற நாளில் வறுத்தால் புகை பட்டில் ஏறி, கடைக்குப் போன சேலை திரும்பி வரும். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு ஊர் வம்பெல்லாம் பேசியபடி சுற்றுவாள். பேச்சு நடுவில் நிற்கும். ஒரு தரம் மூக்கை உறிஞ்சுவாள். உருளையை இறக்கி முறத்தில் கொட்டினால் கொட்டையெல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. நான் கடை டீ குடித்து வளர்ந்தவன், எனக்கு இரண்டும் சூடான தண்ணீர்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சிரிப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். ஆவணி முகூர்த்தத்துக்கு நாலு சேலை முடித்துத் தர வேண்டும். கடைக்காரர் ஜல்தி ஜல்தி என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்போது பார்த்து, குறுக்கு நூல் சுற்றுகிற ராட்டையின் அச்சு முறிந்தது. இரும்புப் பட்டறை பூட்டியிருந்தது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உருளையைக் கவிழ்த்து, சுத்தியால் தட்டி, அச்சுக்கம்பியை உருவினேன். அரத்தால் கொஞ்சம் ராவினதும் ராட்டைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கே புதுக் கம்பி போட்டாந்து தரேன்" என்றேன்.

"நாளன்னிக்கு அமாவாசைங்க" என்றாள். அவ்வளவுதான்.

நாளைக்கு வரவில்லை. முகூர்த்தம் முடியட்டும் என்றேன். தீபாவளி முடியட்டும் என்றேன். பட்டறைக்காரர் ஒருநாள் அவராகவே உருளையைக் கொண்டுவரச் சொன்னார், அன்றைக்கு மறந்துபோனேன். அரை நாள் வேலை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மொத்தம் மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை கேட்காதபோது, பேஜார் விட்டது என்று நான் நிம்மதிப்பட்டேன். இதை எழுதவே கை கூசுகிறது. உருளை பரணுக்கு ஏறியது. அவளும் கடை டீக்கு வந்தாள்.

அடுத்த வருஷம் சாயம் போடுகிற ஆள் நின்றுவிட, அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. நான்தான் தள்ளினேன் என்று சொல்வது சரி. பின்கட்டில் தகரக் கொட்டகை, ஜன்னல் இல்லை. நூலைச் சோடாவில் வேகவைத்து, வெளிர் நிறச் சேலைக்கு வெளுக்க வேண்டுமானால் மரப்பெட்டிக்குள் தொங்கவிட்டுக் கந்தகம் கொளுத்திப் புகை போட வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது அந்தப் புகை மூக்கில் கத்தி இறக்கும். நான் வாசலோடு நின்றுவிடுவேன். அவள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போவாள்.

பிறகு வீட்டில் அடிக்கடி சோறு அடிப்பிடித்தது. பால் பொங்கி வழிந்து கருகினபோதுகூட அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின்மேல்தான். புத்தியை எங்கே அடகு வைத்திருக்கிறாய் என்று, தறியில் இருந்த கூலியாட்கள் காதில் விழக் கத்தினேன். அவள் தட்டில் நல்ல சோறாகப் பார்த்து எனக்குப் போட்டுவிட்டு, கருகினதை அவள் சாப்பிட்டாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு விசைத்தறிச் சேலை மலிவாக வந்து எங்கள் தறிகளைப் படுக்கவைத்தது. தறியை விற்றேன். ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலைக்குப் போனேன். ராட்டையை யாரும் கேட்கவில்லை. விறகுக்கு உடைத்தபோது அச்சுக்கம்பி காலடியில் விழுந்தது. பத்து வருஷத்துக்கு மேல் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அதை ராட்டைக் கம்பி என்றே நினைத்துப் பழகிவிட்டேன், பரணைப் பார்த்த பிறகுதான் யாருடையது என்று உறைத்தது.

மறுநாளே, ஆமாம், அந்த முறை மறுநாளே, உருளையைச் சேவூர் போகிற வழியில் இருக்கும் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். அடியில் துரு தின்று ஓட்டை விழுந்திருந்தது. பெங்களூரில் கரண்டில் சுற்றுகிற மிஷினே விற்கிறது, அதை வாங்குங்கள் என்றார் கடைக்காரர். இதுதான் வேண்டும் என்று நின்றேன். தகடு வைத்து அடைத்து, பழைய கம்பியையே பொருத்தி, பிடிக்கு உடைத்த ராட்டைக் கட்டையில் ஒரு துண்டு செதுக்கிப் போட்டோம். வேலூர் பஸ் ஏறிப் பச்சைக்கொட்டையும் வாங்கிவந்தேன். எனக்குள் பெரிய பெருமை.

அமாவாசையன்று அவள் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பிடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு கரியடுப்பைப் பற்றவைத்து, பழையபடியே சுவரைப் பார்த்து உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தாள். நான் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டேன். முதலில் வைக்கோல் நனைந்த வாசனை வந்தது. அப்புறம் ரொட்டி சுடுகிற மாதிரி. அப்புறம் அந்த வாசனை, வீடு முழுக்க, எனக்கே வாயில் எச்சில் ஊறியது. இப்போது இறக்குவாள் என்று பார்த்தேன். சுற்றிக்கொண்டே இருந்தாள். புகை கறுத்தது. என்மேல் இருக்கிற கோபத்தில் வேண்டுமென்றே கருக்குகிறாள் என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தெருவிலிருந்து யாரோ என்ன தீயுது என்று குரல் கொடுத்தார்கள்.

"கருகிகினு கீதே, தெரியல?" என்றேன்.

கை நின்றது. உருளைக்கு மேலேயே குனிந்து, அந்தப் புகையை முகத்தில் வாங்கி, ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள்.

"வந்துடும்னு பாத்தேன்" என்றாள். "எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்லீங்க. கந்தகம் போட ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷமே போயிடுச்சு."

அடிப்பிடித்த சோறெல்லாம் வரிசையாக என் கண்முன்னால் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதையும் கோபமாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது.

அவள் உருளையை இறக்கி முறத்தில் கொட்டினாள். எல்லாம் கரி.

"சொல்லியிருந்தா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பீங்க" என்றாள்.