தயிர் வெள்ளையாக நின்ற நாள்

வெள்ளிக்கிழமை கோயிலில் நெய்விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். பூக்காரம்மா வந்து, "ஏகாம்பர வைத்தியர் விடியக்காலைல போய்ட்டாருங்க" என்றாள். மீதி விளக்கை அவர் பேரில் ஏற்றினேன். செங்கம் சாலை வாடகை அறையில் அவரிடம் மருந்து வாங்கிய உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு கையிலும் கரப்பான் என்ற தோல் நோய். அவர் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவர். "கை ஆறினப்புறம் வாய்யா, உன்னப் பாத்தா பந்தில பாதிப்பேரு எழுந்து போறாங்க" என்று முதலாளி அனுப்பிவிட்டார். வைத்தியர் வெண்கலத்தைச் சாம்பலாக எரித்துப் பற்பம் செய்து தருவதாகச் சொன்னார். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தைச் சுத்தி செய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, அகலில் மூடிக் கொடுப்பார். அவர் அறையில் இடமில்லாததால், எங்கள் கொல்லையில் குழி வெட்டி வறட்டி அடுக்கி எரித்துப் புடம் போடுவது என் வேலை. ஒவ்வொரு புடத்தையும் நோட்டில் குறித்து வைத்தேன்.

ஏழு புடம் முடிந்தது. பொடி விரல் ரேகைக்குள் மாவாகப் படிந்தது, பார்வைக்குப் பக்குவம் வந்தாயிற்று. வைத்தியர் ஒரு சிட்டிகையைத் தயிரில் கலந்து மூடி வைத்தார். மறுநாள் திறந்தால் தயிர் பச்சை. செம்பு இன்னும் முழுதாகச் சாம்பலாகிச் சாகவில்லை என்றார். உள்ளே போனால் நஞ்சு.

என் வீட்டுக்காரர் விடவில்லை. "தீபத்துக்குப் பத்து நாள்தாங்க இருக்குது. கடையில கூட்டம் அள்ளும், போவணும். ஒரு சிட்டிகைதானே, குடுங்க."

"தீபம் வருஷா வருஷம் வரும். உங்க ஈரல் வருமா?"

நான் நோட்டைப் பிரித்தேன். நான்காம் புடத்துக்கு எதிரே என் கையெழுத்திலேயே இருந்தது: மழை, பாதி வறட்டி எரியவில்லை. அண்ணாமலையார் பேரைச் சொல்லி மூட்டிய நெருப்பு, அவர் பார்த்துக்கொள்வார் என்று வைத்தியரிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். அழுதுகொண்டே காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். "அவரே நெருப்பா நிக்கிறவரும்மா. அவர் பேரச் சொல்லி நெருப்பக் கம்மி பண்ணலாமா? போய் வறட்டி அடுக்குங்க, ஜாஸ்தியாவே."

மேலும் மூன்று புடம் போட்டோம். அதற்குள் தீபமும் போய்விட்டது. கடைசிப் புடத்துக்கு மறுநாள் வைத்தியர் தயிர்க் கிண்ணத்தோடு தெருவுக்கே ஓடிவந்தார். "பாருங்க, வெள்ளை! மல்லிப்பூவாட்டம் வெள்ளை!" சைக்கிளில் போனவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினார்.

தேனில் குழைத்துக் கொடுத்தார். பத்தியத்தில் துளி விட்டுக்கொடுக்கவில்லை. பங்குனிக்குள் கை தெளிந்தது. என் வீட்டுக்காரர் கடைக்குத் திரும்பிய நாள், முதல் பந்தியில் வைத்தியர்தான் உட்கார்ந்தார். "இன்னொரு கரண்டி ஊத்துங்க. சாம்பாருக்கு இல்ல, கையப் பாக்கணும்."

வைத்தியர் காரியத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரரே பரிமாறினார். வேறு யாரையும் வாளியைத் தொட விடவில்லை. "வைத்தியர் உங்களுக்குன்னு என்னாக்கா விட்டுட்டுப் போனாரு?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். பந்தியைப் பார்க்கச் சொன்னேன். கூடம் நிறைய இலை. அத்தனைக்கும் அந்த இரண்டு கை.